மருத்துவமனை எத்திக்ஸ் ஃபெல்லோஷிப்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்டுவிடுகிறார்கள். வாட்ஸாப்பில் ஊர்க்காரத் தம்பி தங்கைகள், மதுரையில் என்னோடு ஐசியுவில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், ஒரு முறை கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர். நான் நர்ஸாக ஆறு வருடம் இருந்து, அமெரிக்காவில் பயோ எத்திக்ஸ் (மருத்துவ நெறியியல்) முதுகலை படித்து, அங்கே ஒரு மருத்துவமனையில் இரண்டு வருட ஃபெல்லோஷிப் முடித்து, இப்போது அதே தொழிலில் இருப்பவள். ஒவ்வொருவருக்கும் ஆடியோ அனுப்பித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே போட்டிருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் அமெரிக்கா, கனடா நிலவரம். இந்தியா பற்றிக் கடைசிப் பக்கம் வருகிறது.

அக்கா, கிளினிக்கல் எத்திக்ஸ்னா ஆஸ்பத்திரியில இருக்கிற எத்திக்ஸ் கமிட்டிதானே?

இல்லை. ஆனால் குழம்புவதில் தப்பில்லை. நம் ஊரில் எத்திக்ஸ் கமிட்டி என்றால் ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் குழு. புது மருந்தைச் சோதிக்க வேண்டும், தீசிஸுக்கு ரத்த மாதிரி எடுக்க வேண்டும் என்றால் ஃபைல் அங்கே போகும். மருந்துச் சோதனைகளுக்கு அந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பது 2019-இல் வந்த விதிகளிலேயே இருக்கிறது.

நான் செய்வது வேறு வேலை. படுக்கையில் கிடக்கும் இந்த ஒரு நோயாளிக்கு வென்டிலேட்டரைத் தொடர்வதா நிறுத்துவதா, ரத்தம் ஏற்ற மறுப்பவரை வற்புறுத்தலாமா, யாருமே இல்லாத ஒருவருக்காக யார் கையெழுத்துப் போடுவது என்று சிக்கல் வரும்போது டாக்டரோ நர்ஸோ குடும்பமோ எங்களைக் கூப்பிடுவார்கள். அதற்கு எத்திக்ஸ் கன்சல்ட் என்று பெயர். இதயத்துக்குக் கார்டியாலஜி கன்சல்ட் கேட்பதைப் போலத்தான்.

ஃபெல்லோஷிப்னா படிப்பா, வேலையா, ஸ்காலர்ஷிப்பா? சித்தப்பாகிட்ட எப்படிச் சொல்றது?

ஆசாரியிடம் சேர்ந்து தச்சு வேலை கற்பது போல என்று சித்தப்பாவிடம் சொல். ஒரு வருடமோ இரண்டு வருடமோ மருத்துவமனையில் இருப்பாய். முதல் சில மாதம் அனுபவமுள்ளவருக்குப் பின்னால் நின்று பார்ப்பாய். பிறகு அவர் பக்கத்தில் இருக்க நீ பேசுவாய். கடைசியில் நீ தனியாகப் போய் வந்து அவரிடம் சொல்வாய். நடுவே வாசிப்பு, வகுப்பு, நர்ஸ்களுக்கும் பயிற்சி டாக்டர்களுக்கும் பாடம் எடுப்பது, மருத்துவமனைக் கொள்கை எழுதுவது எல்லாம் உண்டு. பட்டம் கிடையாது. முடித்ததற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள்.

டாக்டர் இருக்கும்போது நடுவுல இப்படி ஒரு ஆள் எதுக்கு? யார் கண்டுபிடிச்ச வேலை இது?

கதை சியாட்டிலில் தொடங்குகிறது. 1960-இல் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர், நோயாளியின் கையில் நிரந்தரமாக விட்டுவைக்கக்கூடிய ஒரு குழாயை உருவாக்கினார். அதற்கு முன் ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் புதிதாக ரத்தக்குழாயைத் திறக்க வேண்டும், சில தடவைகளுக்கு மேல் தாங்காது. குழாய் வந்தபின் சிறுநீரகம் செத்தவர் வருடக்கணக்கில் வாழலாம் என்றாயிற்று. 1962-இல் டயாலிசிஸுக்கென்றே ஒரு மையம் திறந்தார்கள். இயந்திரம் கொஞ்சம், வரிசையோ நீளம். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க ஏழு பேரை உட்கார வைத்தார்கள்: ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கிக்காரர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு சர்ஜன். கல்யாணம் ஆனவரா, பிள்ளை எத்தனை, என்ன வருமானம், சர்ச்சுக்குப் போகிறவரா என்றெல்லாம் பார்த்தார்கள். அந்த வருடம் நவம்பரில் லைஃப் பத்திரிகை இதை எழுதியதும் பெரிய சர்ச்சை கிளம்பியது. அந்தக் குழுவுக்குக் கடவுள் கமிட்டி என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1972-இல் அரசே டயாலிசிஸ் செலவை ஏற்கச் சட்டம் வந்தபின்தான் அந்த வரிசை கலைந்தது.

அடுத்தது கேரன் ஆன் குவின்லன். 1975-இல், 21 வயதில், நினைவு திரும்பாத நிலைக்குப் போன பெண். வென்டிலேட்டரை எடுக்கச் சொன்னார்கள் பெற்றோர், டாக்டர்கள் மறுத்தார்கள். 1976 மார்ச்சில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தந்தையின் பக்கம் நின்றது. இப்படிப்பட்ட முடிவுகள் கோர்ட்டுக்கு வராமல் மருத்துவமனைக்குள்ளேயே ஒரு எத்திக்ஸ் குழுவின் துணையோடு தீரட்டும் என்றும் தீர்ப்பில் சொன்னது. இயந்திரத்தை எடுத்தபின் கேரன் தானாகவே மூச்சுவிட்டு 1985 வரை உயிரோடு இருந்தார் என்பதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒரு நிமிடம் யாரும் பேசுவதில்லை.

1992-இல் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், நெறிச்சிக்கல்களைக் கையாள ஓர் ஏற்பாடு இருந்தாக வேண்டும் என்று விதித்தது. அங்கிருந்துதான் இது தொழிலானது.

எம்.பி.பி.எஸ். இல்லாம அப்ளை பண்ண முடியுமா? நான் ஃபிலாசஃபி எம்.ஏ.

முடியும். என்னோடு இருந்தவர்களில் ஒருவர் தத்துவத்தில் பி.எச்.டி., ஒருவர் வக்கீல், நான் நர்ஸ். ஆனால் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் முனைவர் பட்டமோ மருத்துவ, சட்டப் பட்டமோ கட்டாயம். சில இடங்கள் முதுகலையோடு அனுபவம் இருந்தால் எடுத்துக்கொள்கின்றன. டாக்டர்களுக்காக மட்டுமே நடப்பவையும் உண்டு. வெறும் எம்.ஏ. என்றால் முதலில் பயோ எத்திக்ஸில் ஒரு முதுகலையோ பி.எச்.டி.யோ செய்துவிட்டு வருவது வழி.

தத்துவம் படித்தவர்களுக்கு மருத்துவமனை மொழி புரிய ஆறு மாதம் ஆகும். எங்களைப் போல வார்டிலிருந்து வந்தவர்களுக்கு வேறொரு சிரமம். டாக்டர் பேசினால் தானாகவே தலையாட்டிவிடுவோம். அந்தப் பழக்கத்தை விட எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

ஒரு நாள்ல என்னதான் பண்ணுவீங்க? உட்கார்ந்து யோசிப்பீங்களா?

உட்கார நேரம் கிடைத்தால் நல்லதுதான். காலையில் ஐசியு ரவுண்ட்ஸோடு நடப்பேன். பேஜர் அடித்தால் கூப்பிட்டவரிடம் முதலில் பேசுவேன். சார்ட்டை, அதாவது நோயாளியின் சிகிச்சைப் பதிவை, முழுதாக வாசிப்பேன். பிறகு நோயாளியைப் பார்ப்பேன். அவர் மயக்கத்தில் இருந்தாலும் போய்ப் பார்ப்பேன். முகம் பார்க்காமல் கருத்துச் சொல்லக்கூடாது என்பது எனக்குப் பயிற்சி கொடுத்தவரின் கண்டிப்பு. அதன்பின் குடும்பம், நர்ஸ், சோஷியல் வொர்க்கர், தேவைப்பட்டால் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கூட்டம். கடைசியில் சார்ட்டில் குறிப்பு எழுத வேண்டும். நல்ல குறிப்பு எழுத மூன்று மணி நேரம் ஆகும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. பக்கவாதம் வந்த எழுபது வயதுக்காரர் இரண்டு வாரமாக வென்டிலேட்டரில். தொண்டையில் துளையிட்டு நீண்டகாலத்துக்கு இயந்திரத்தில் வைக்கலாமா என்ற கேள்வி. மனைவி வேண்டாம் என்கிறார், மகள் வேண்டும் என்கிறாள். இரண்டு பேரும் ஐசியு வாசலில் ஆளுக்கொரு பக்கம். "தாய்க்கும் மகளுக்கும் சண்டை, எத்திக்ஸ் வந்து தீர்க்கவும்" என்பதுதான் வந்த அழைப்பின் சாரம். நான் பழைய ஃபைல்களைக் கிளறினேன். நான்கு வருடத்துக்கு முன் வேறொரு சிகிச்சைக்கு வந்தபோது, தன்னால் பேச முடியாமல் போனால் தனக்காக முடிவெடுக்கும் உரிமையைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஸ்கேன் செய்த தாளாக மூலையில் கிடந்தது, யாரும் திறந்து பார்க்கவில்லை. தம்பியை வரவழைத்தோம். அவர் வந்து உட்கார்ந்து, "அண்ணன் தன் மாமாவை இப்படி எட்டு மாசம் பார்த்தவர்" என்று ஆரம்பித்தார். மகள் அழத் தொடங்கினாள். அவளுக்கு அது தெரியாது. அப்பாவுக்கு வலிக்கிறதா என்பதைக்கூட அதுவரை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் எல்லாச் சிகிச்சையும் கொடுப்பது, இன்ன இன்ன முன்னேற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு வலிதணிப்புக்கு மாறுவது என்று தேதி குறித்தோம். தம்பி அதைச் சொன்னபோது அண்ணியும் மகளும் ஒன்றாகத் தலையசைத்தார்கள்.

இதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. தாளைத் தேடியதும், கேட்க வேண்டிய ஆளைக் கூப்பிட்டதும்தான் வேலை. முக்கால்வாசிக் கேஸ் இப்படித்தான். யார் முடிவெடுக்க உரிமையுள்ளவர் என்று கண்டுபிடித்த நாளிலேயே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். ஃபெல்லோஷிப்பில் கற்பது முக்கியமாக இதைத்தான் என்பது என் அபிப்பிராயம். தத்துவக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வரட்டும்.

அப்ப நீங்க சொல்றத டாக்டர் கேட்டே ஆகணுமா?

தேவையில்லை. நாங்கள் சொல்வது ஆலோசனை. டாக்டரும் நோயாளியும்தான் முடிவெடுக்கிறார்கள். அமெரிக்கப் பயோ எத்திக்ஸ் சங்கமான ஏ.எஸ்.பி.எச். 1998-இல் முதலில் வெளியிட்ட திறன் வரையறையும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது: எத்திக்ஸ்காரர் தீர்ப்புச் சொல்லும் நாட்டாமையாகவும் இருக்கக்கூடாது, எல்லோரும் ஒத்துக்கொண்டால் எதுவானாலும் சரி என்று கைகட்டி நிற்கவும் கூடாது. சட்டத்துக்கும் தொழில் நெறிக்கும் உட்பட்டு என்னென்ன வழிகள் திறந்திருக்கின்றன என்று காட்டி, அவற்றுக்குள் ஒத்த முடிவுக்கு வர உதவ வேண்டும். விதிவிலக்கு ஒன்று இருக்கிறது, டெக்சாஸ். கீழே வருகிறேன்.

இதுக்கு ஃபார்முலா ஏதாவது உண்டா?

உண்டு. ஜான்சன், சீக்லர், வின்ஸ்லேட் மூவரும் 1982-இல் தந்த நான்கு கட்டம்: மருத்துவ நிலை, நோயாளியின் விருப்பம், வாழ்க்கைத் தரம், சூழ்நிலை (குடும்பம், பணம், சட்டம், மதம்). ராணுவத்தில் இருந்தவர்களுக்கான வி.ஏ. மருத்துவமனைகளில் கேசஸ் என்ற ஐந்து படி முறை வைத்திருக்கிறார்கள். இரண்டையும் முதல் மாதத்தில் கற்றுக்கொள்வாய். மளிகைச் சீட்டு மாதிரி அவை. கடைக்குப் போனால் எதையும் மறக்காமல் வாங்கலாம், ஆனால் சமையல் வேறு.

எங்கெங்க இருக்கு? ஒரு லிஸ்ட் குடுங்க.

முழுப் பட்டியல் தர மாட்டேன், அது வருடத்துக்கு வருடம் மாறுகிறது. வகைகள் தெரிந்தால் நீயே தேடிவிடலாம். முழுநேரமாக, மருத்துவமனைக்குள்ளேயே ஊறவைக்கும் வகைக்குக் கிளீவ்லேண்ட் கிளினிக்கின் இரண்டு வருட ஃபெல்லோஷிப் நல்ல உதாரணம். கனடாவில் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் பயோ எத்திக்ஸ் மையம் தன்னோடு இணைந்த மருத்துவமனைகளுக்கு அனுப்பிப் பயிற்சி தருகிறது. வேலையில் இருந்துகொண்டே செய்யும் வகை இன்னொன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தின் மக்லீன் மையம், மேலே சொன்ன நான்கு கட்டக்காரர்களில் ஒருவரான மார்க் சீக்லர் 1984-இல் தொடங்கியது, பெரும்பாலும் டாக்டர்களுக்கானது. ஹார்வர்டின் ஒரு வருட ஃபெல்லோஷிப்பும் பகுதிநேரம்தான், நடு அனுபவத்தில் இருப்பவர்களைக் குறிவைப்பது. மூன்றாவது வகை ஆராய்ச்சி. மேரிலாந்தில் உள்ள என்.ஐ.எச். என்ற அமெரிக்க அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் பயோ எத்திக்ஸ் துறை ஃபெல்லோஷிப் மிகப் பெயர்பெற்றது, கன்சல்ட்டிலும் பங்கு உண்டு, ஆனால் அங்கே உன் முக்கிய வேலை கட்டுரை எழுதுவது. படுக்கையருகே நிற்கத்தான் ஆசை என்றால் பெயரைப் பார்த்து மயங்காதே.

பெரும்பாலான இடங்களில் வருடத்துக்கு ஒரு சீட், இரண்டு சீட்தான். டாக்டர்களின் ரெசிடென்சிப் பயிற்சிக்கு இருப்பது போல, ஒரே இடத்தில் விண்ணப்பங்களைப் பொருத்திச் சீட் ஒதுக்கும் மேட்ச் முறை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

காசு அவங்க குடுப்பாங்களா, நாம கட்டணுமா?

முழுநேர வகையில் அவர்கள் சம்பளம் கொடுப்பார்கள், ஏறக்குறைய முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்கள் வாங்கும் அளவு. பெரிய நகரத்தில் பகிர்ந்த வீடு, சுயசமையல் என்றால் ஓட்டலாம். ஊருக்கு அனுப்பிக் கடன் அடைக்கும் கணக்கு வேண்டாம். பகுதிநேரப் பயிற்சிகளில் சிலவற்றுக்கு நாம் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது நம் மருத்துவமனை நம்மை விட்டுக்கொடுக்க வேண்டும். அழைப்பு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும், கூச்சப்படாதே.

இது அங்கீகாரம் உள்ளதா? போலி இல்லன்னு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. இதைக் கேட்பவர்கள் குறைவு. அமெரிக்காவில் டாக்டர்களின் ஃபெல்லோஷிப்களுக்கு அங்கீகாரம் தரும் ஏ.சி.ஜி.எம்.இ. கிளினிக்கல் எத்திக்ஸ் ஃபெல்லோஷிப்களை அங்கீகரிப்பதில்லை. பாடத்திட்டம், கன்சல்ட் எண்ணிக்கை, மேற்பார்வை எதற்கும் கட்டாயப் பொது அளவுகோல் கிடையாது. ஒரே பெயரில் ஓரிடத்தில் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கேஸ் பார்க்கலாம், இன்னோரிடத்தில் வாரம் ஒரு கருத்தரங்கில் காபி குடித்துவிட்டு வரலாம்.

அதனால் நேர்காணலில் நீயும் அவர்களைக் கேள். வருடத்துக்கு எத்தனை கன்சல்ட் வருகிறது, அதில் ஃபெல்லோ முன்னின்று நடத்துவது எத்தனை? என் குறிப்பை யார் வரிவரியாகப் படித்துத் திருத்துவார்? எத்தனையாவது மாதத்தில் இரவு ஆன்கால் போடுவீர்கள், அப்போது பின்னால் போனை எடுக்க யார் இருப்பார்? முன்பு முடித்தவர்கள் இப்போது எங்கே? அவர்களில் ஒருவரோடு தனியாகப் பேசலாமா? நான் நேர்காணல் போன ஓர் இடத்தில் மேற்பார்வையாளர் யார் என்ற கேள்விக்கு மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். அங்கே நான் சேரவில்லை.

பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வாங்கலாமாமே? அப்புறம் ஃபெல்லோஷிப் எதுக்கு?

எச்.இ.சி.-சி. என்ற சான்றிதழைச் சொல்கிறாய். மேலே சொன்ன ஏ.எஸ்.பி.எச். சங்கம் தொடங்கியது, முதல் தேர்வு 2018-இல் நடந்தது. இளநிலைப் பட்டமும், கடந்த நான்கு வருடத்தில் 400 மணி நேர மருத்துவ எத்திக்ஸ் அனுபவமும் இருந்தால் எழுதலாம். ஃபெல்லோஷிப் கட்டாயம் இல்லை. ஆனால் அந்த 400 மணி நேரத்தை எங்கே சேர்ப்பாய்? அதுவும் கொள்குறி வினாத்தாள். அழுகிற மகளிடம் எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதை அதில் சோதிக்க முடியாது.

2007-இல் வந்த ஒரு தேசிய ஆய்வு இங்கே பொருந்தும். அமெரிக்காவில் எத்திக்ஸ் கன்சல்ட் செய்பவர்களில் ஃபெல்லோஷிப்போ பயோ எத்திக்ஸ் பட்டமோ முடித்தவர்கள் வெறும் 5 சதவீதம். ஒரு மருத்துவமனைக்கு வருடத்தில் வந்த கன்சல்ட்களின் இடைநிலை அளவு மூன்று. வருடத்துக்கு மூன்று முறை கார் ஓட்டுபவரை நம்பிப் பின் இருக்கையில் ஏறுவாயா? முறையான பயிற்சி வேண்டும் என்ற பேச்சு வலுத்ததற்கு இந்த எண்கள் ஒரு காரணம்.

விண்ணப்பத்துல என்ன பார்ப்பாங்க?

பொதுவாக இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலத்துக்குள் விண்ணப்பம், அடுத்த கோடையில் சேர்க்கை. சுயவிவரம், பரிந்துரைக் கடிதங்கள், ஏன் வருகிறேன் என்ற கடிதம், எழுத்து மாதிரி. பல இடங்களில் நேர்காணலின்போது ஒரு கேஸைக் கொடுத்துப் பேசச் சொல்வார்கள். "எனக்கு இன்னும் இவையெல்லாம் தெரிய வேண்டும்" என்று கேள்விகளை அடுக்குபவரை எடுப்பார்கள், உடனே தீர்ப்புச் சொல்பவரை எடுக்கத் தயங்குவார்கள். கடிதத்தில் "சிறுவயது முதலே சேவை மனப்பான்மை" வேண்டாம். நீ நேரில் பார்த்து, உனக்கு இன்றுவரை விடை தெரியாத ஒரு சம்பவத்தை எழுது.

விசா?

இதில் நான் நிபுணர் இல்லை, அந்த நிறுவனத்தின் சர்வதேச அலுவலகத்தைக் கேட்க வேண்டும். பொதுவாக ஜே-1 என்ற பரிமாற்ற விசா தருவார்கள், சில இடங்களில் எச்-1பி என்ற வேலை விசா. ஜே-1 முடித்தால் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். எந்த நாட்டின் எந்தத் துறையினருக்கு அந்த நிபந்தனை என்ற பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டது. ஆனால் அரசுப் பணத்தில் வருபவர்களுக்கும் மருத்துவப் பயிற்சிக்கு வரும் டாக்டர்களுக்கும் அது இன்னும் பொருந்தும். 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வரும் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தார்கள். விண்ணப்பிக்கும் முன்பே "விசா ஸ்பான்சர் செய்வீர்களா, எது" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடு.

நம்ம ஊர்ல குடும்பம்தானே முடிவெடுக்கும்? அங்க நோயாளிகிட்டயே "உனக்குக் கேன்சர்"னு சொல்லணுமாமே. அது சரியா அக்கா?

இதை என்னிடம் கேட்காத தமிழர் இல்லை. எனக்கும் முதல் வருடம் உறுத்தியது. ஒரு தமிழ்க் குடும்பம், அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். "அப்பாவிடம் சொல்லிடாதீங்க, மனசு உடஞ்சிடுவார்" என்று மகன் டாக்டரைக் கெஞ்சுகிறார். டாக்டரோ, சொல்லாமல் சிகிச்சை தர முடியாது என்கிறார். என்னைக் கூப்பிட்டார்கள். தமிழ் தெரிந்தவள் என்பதால் நானே மொழிபெயர்த்துவிடலாமே என்றும் சொன்னார்கள். மறுத்தேன். மொழிபெயர்ப்பாளர் வேறு, எத்திக்ஸ் வேறு. தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அங்கே மருத்துவமனையின் சட்டக் கடமை. வீட்டுப் பிள்ளைகளை வைத்து ஒப்பேற்றக் கூடாது.

தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அப்பாவிடம் ஒன்றைத்தான் கேட்டோம்: "உங்கள் உடம்பைப் பற்றிச் சிலர் எல்லா விவரமும் தெரிய வேண்டும் என்பார்கள், சிலர் பிள்ளைகளிடம் சொல்லுங்கள் போதும் என்பார்கள். நீங்கள் எப்படி?" அவர் சிரித்துவிட்டு, "பெரிய வியாதின்னு தெரியும்மா. பையன்கிட்டயே பேசிக்கோங்க. அவன்தான் தாங்க மாட்டான், அவனைப் பார்த்துக்கோங்க" என்றார். தெரிந்துகொள்வது அவர் உரிமை. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று பொறுப்பை மகனிடம் கொடுப்பதும் அவர் உரிமைதான். அவரைக் கேட்காமலே மகன் அதை எடுத்துக்கொள்வதில்தான் எனக்குச் சிக்கல்.

சம்பளம் குடுக்கிறது ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்கு எதிரா எப்படிப் பேசுவீங்க?

சங்கடமான கேள்வி, சங்கடமான பதில்தான் உண்டு. நல்ல இடங்களில் எத்திக்ஸ் சேவை சட்டப் பிரிவுக்கும் நிர்வாகத்துக்கும் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். ஆனாலும் "இந்தக் குடும்பத்தைச் சீக்கிரம் டிஸ்சார்ஜுக்குச் சம்மதிக்க வைங்க" என்ற தொனியில் அழைப்பு வந்திருக்கிறது. அது எத்திக்ஸ் கேள்வி இல்லை என்று எழுதித் திருப்பினேன். என் மேற்பார்வையாளர் கூட நின்றார். அவர் நிற்காவிட்டால் என் கதி வேறு. மேற்பார்வையாளர் யார் என்று கேட்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

இப்போது டெக்சாஸ். 1999-இல் அந்த மாநிலம் கொண்டுவந்த சட்டப்படி, சிகிச்சை பயனற்றது என்ற டாக்டரின் நிலைப்பாட்டை மருத்துவமனையின் எத்திக்ஸ் குழு ஆமோதித்தால், குடும்பம் எதிர்த்தாலும் பத்து நாள் கழித்துச் சிகிச்சையை நிறுத்தலாம். அதற்குள் வேறு மருத்துவமனை கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். 2023-இல் அதைத் திருத்தி 25 நாளாக்கினார்கள். நான் "ஆலோசனை மட்டும்" என்று சொன்னது அங்கே இந்த இடத்தில் பொருந்தாது. மருத்துவமனையே அமைத்த குழு, மருத்துவமனைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான வழக்கில் நீதிபதி. திருத்தத்துக்குப் பிறகும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. டெக்சாஸில் வேலை பார்க்கும் என் நண்பர்கள் சிலர், இல்லாவிட்டால் நர்ஸ்கள் மாதக்கணக்கில் ஒரு உடலைச் சித்திரவதை செய்ய வேண்டியிருக்கும் என்கிறார்கள். அதையும் ஐசியுவில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மனசு தாங்குமா? தினம் சாவுதானே?

தினம் இல்லை. ஆனால் சில அறைகளின் எண் மறக்காது. ஐசியுவில் இருந்தபோதைவிட இங்கே பேச ஆள் இருக்கிறது. ஒவ்வொரு கேஸுக்குப் பிறகும் சக ஃபெல்லோக்களோடு உட்கார்ந்து பேசுவது பயிற்சியிலேயே ஒரு பங்கு. அந்த வழக்கம் இல்லாத இடத்தில் சேராதே.

முடிச்சா வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் நீ ஆசைப்படும் நகரத்தில் கிடைக்காது. பெரிய மருத்துவமனைக் குழுமங்கள், பல்கலைக்கழக மருத்துவமனைகள், கத்தோலிக்க மருத்துவமனைகள் ஆள் எடுக்கின்றன. கடைசி வகையில் அவர்களுடைய சபையின் நெறிகளுக்குள் வேலை செய்ய வேண்டும், அது உனக்குச் சரிப்படுமா என்று முன்பே யோசி. டாக்டராகவோ நர்ஸாகவோ இருந்துகொண்டு பாதிநேரம் எத்திக்ஸ் செய்பவர்கள்தான் என் கண்ணுக்கு நிம்மதியாகத் தெரிகிறார்கள்.

ஊருக்குத் திரும்பினா இந்தப் படிப்பு எதுக்காவது உதவுமா?

இந்தப் பதவிப் பெயரில் விளம்பரம் வரும் என்று காத்திருக்காதே. தேவை மட்டும் நிறைய இருக்கிறது. 2018 மார்ச்சில் காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்ணியத்தோடு இறக்கும் உரிமையை ஏற்று, முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலுக்கு வழி சொன்னது. அன்றைய நடைமுறை யாராலும் செய்ய முடியாத அளவுக்குச் சிக்கல், மாஜிஸ்திரேட் கையெழுத்து உட்பட. 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். சிகிச்சையை நிறுத்தும் முன் மருத்துவமனையில் முதல்நிலை, இரண்டாம்நிலை என்று இரண்டு மருத்துவ வாரியங்கள் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள். நின்றுபோன இதயத்தை மீண்டும் இயக்கும் முயற்சியைத் தவிர்ப்பது பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2020-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

தாளில் இத்தனையும் இருக்கிறது. அந்த இரண்டு வாரியத்துக்கும் நடுவே, வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் குடும்பத்தோடு யார் பேசுவது என்பது எந்தத் தாளிலும் இல்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்ற ஒரு வரியோடு எத்தனை பேரை மதுரையில் நானே ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறேன்! இந்தப் பயிற்சி உதவப்போவது அந்த வராந்தாவில்தான்.

அமெரிக்கா எல்லாம் நமக்கு ஆகாது. இங்கேயே இருந்து என்ன பண்ணலாம்?

மங்களூரு ஏனபோயா பல்கலைக்கழகத்தில் எத்திக்ஸ் மையம் இருக்கிறது, அங்கே படிக்கலாம். 1993-இலிருந்து வரும் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எத்திக்ஸ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நம் வார்டுகளின் வாசனை அடிக்கும் கட்டுரைகள் அதில் உண்டு. மருத்துவ மாணவர் என்றால் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் சேர்த்திருக்கும் ஏட்காம் (மனப்பாங்கு, நெறி, பேசும் முறை) வகுப்பை அட்டெண்டன்ஸுக்காக உட்காரும் வகுப்பாக விட்டுவிடாதே. உன் மருத்துவமனையில் வலிதணிப்புச் சிகிச்சைப் பிரிவு இருந்தால் வாரம் ஒரு மதியம் அங்கே போய் நில். உறுப்பு மாற்று நடக்கும் இடமென்றால், கொடையாளர் மனமுவந்து கொடுக்கிறாரா என்று விசாரிக்கும் அனுமதிக் குழுவின் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்.

பிறகு ஒரு நோட்டு. தேதி போட்டு, பெயர் போடாமல், உன்னைத் தூங்கவிடாத கேஸை எழுதி வை. யார் முடிவெடுத்தார், யாரைக் கேட்கவில்லை என்று இரண்டு வரி. என் விண்ணப்பத்தில் போன எழுத்து மாதிரி அப்படியொரு நாற்பது பக்க நோட்டிலிருந்து வந்ததுதான்.

கடைசியா ஒண்ணு. "எத்திக்ஸ்லேர்ந்து வர்றேன்"னு சொன்னா குடும்பம் மிரளாதா?

மிரளும். முதல் மாதம் நான் அப்படிச் சொல்லி உள்ளே போனதும் ஒரு பாட்டி, "நாங்க என்னம்மா தப்பு பண்ணினோம்?" என்றார். அதற்குப் பிறகு பதவியைச் சொல்வதில்லை. பெயரைச் சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர்கள் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, "அவரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, கொஞ்சம் சொல்றீங்களா?" என்று கேட்கிறேன். வேலையைப் பற்றி ஐந்து நிமிடம் கழித்துச் சொன்னால் போதும், யாரும் மிரளுவதில்லை.